ஒரு பல்லுக்கு எவ்வளவு?

“ஒரு பல்லுக்கு எவ்ளோ சார்?”

“அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா.”

இவ்வளவுதான் பேச்சு. நடுவில் ஒரு சிரிப்பு இருந்தது. அது என்னுடையது.

நான் கால்நடை மருத்துவர். அந்த அம்மா கொண்டுவந்த பூனைக்குப் பல் எடுக்கும் எஸ்டிமேட் தாள் மேசையில் கிடந்தது, மொத்தம் 22,500 ரூபாய். அந்த அம்மா ப்ளவுஸ் தைப்பவர். அவருக்கு எல்லாமே உருப்படிக் கணக்கு: ஒரு ப்ளவுஸ், ஒரு ஃபால்ஸ், ஓரம் அடிக்க இவ்வளவு. பதினான்கு பல் என்று நான் சொன்னதும் மனதுக்குள் வகுத்துப் பார்த்திருக்கிறார். ரொம்ப வலிக்கிற இரண்டு பல்லை இந்த மாதம் எடுத்துவிடலாம், மிச்சத்தைத் தீபாவளித் தையல் காசு வந்ததும் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்னும் தெரியவில்லை.

நான் சொன்னது மருத்துவப்படி சரிதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்த பூனைக்குப் பற்கள் 30. முன்பற்கள் 12, கோரைப்பற்கள் 4, மீதி 14 கன்னத்தோரப் பற்கள். பக்கத்துக்கு ஏழு: மேலே நான்கு, கீழே மூன்று. சாதாரண ஈறு வீக்கத்தில் சிவப்பு பல்லை ஒட்டி ஒரு கோடாக நிற்கும். பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்தால் இறங்கிவிடும். இந்தப் பூனைக்கு வாயின் கடைக்கோடியில், இரண்டு தாடையும் சேரும் மடிப்பில், இரண்டு பக்கமும் சதை மாதுளை முத்துப் போலப் புடைத்திருந்தது. பஞ்சு பட்டாலே ரத்தம். அந்த மடிப்பு சிவந்துவிட்டால் விஷயம் ஒரு பல்லோடு நிற்பதில்லை. பல்லின் மேல் படியும் அழுக்குப் படலத்தின் மீது உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவுமீறிப் பாய்கிறது. பல பூனைகளில், சளியும் வாய்ப்புண்ணும் உண்டாக்கும் கேலிசி வைரஸும் கூடவே இருக்கிறது. படலம் ஒட்டுவதற்கே இடமில்லாமல் செய்வதுதான் இதற்குள்ள சிறந்த வழி, அதாவது கன்னப் பற்கள் பதினான்கையும் வேரோடு எடுப்பது. எடுத்தால் சுமார் மூன்றில் இரண்டு பூனைகள் குணமாகின்றன அல்லது நன்றாகத் தேறுகின்றன. மிச்சமுள்ளவற்றுக்குப் பல் போன பிறகும் மருந்து தொடரும். பணத்தைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும், சொன்னேன்.

ஆகவே இரண்டு பல்லை மட்டும் பிடுங்கினால் மீதிப் பன்னிரண்டும் அந்த நெருப்புக்கு விறகு போட்டுக்கொண்டே இருக்கும். பிரிக்க முடியாது என்றேன். சரி.

ஆனால் பூனைக்கு இன்னொரு பல் நோய் உண்டு. பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் முதல் கன்னப் பல்லில்தான் அதிகம் பார்ப்போம். ஈறோரம் ஒரு சிவந்த பொட்டு இருக்கும். குச்சியால் தொட்டால் தாடை கடகடவென்று ஆடும். அந்த நோய்க்குப் பல் கணக்குதான். எது கரைகிறதோ அதை எடுத்தால் போதும். அந்த அம்மாவின் கேள்வி அங்கே முழுக்கப் பொருந்தியிருக்கும். இரண்டும் ஒரே வாயில் இருப்பதும் உண்டு. பல் எக்ஸ்ரே எடுக்காமல் எந்த வேர் எப்படி இருக்கிறது என்று சொல்லவே முடியாது. எடுக்காமலே நான் அடித்துப் பேசினேன்.

அந்த 22,500 எப்படி வந்தது என்பதை வரி வரியாக எழுதிப் பார்க்கிறேன். அன்றைக்கு அவருக்குக் காட்டியது மொத்தத்தை மட்டும்.

ரத்தப் பரிசோதனை 1,800. பூனைகளுக்கு வரும் எய்ட்ஸ், லுக்கேமியா வைரஸ்களைக் கண்டறியும் கிட் 1,600. மயக்க மருந்து, குழாய், டிரிப், மானிட்டர் 5,000. பல் எக்ஸ்ரே 3,000. பல் எடுத்துத் தையல் போட 9,500. வீட்டுக்குக் கொடுக்கும் மருந்து 1,600.

இதில் எதைக் குறைக்கலாம்? வைரஸ் கிட்டை விடலாம். அதன் முடிவு பூனை எப்படித் தேறும் என்று ஊகிக்க உதவும். பல்லை எடுப்பதா வேண்டாமா என்பதை அநேகமாக மாற்றாது. ரத்தத்தில் முழுப் பேனலுக்குப் பதில் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சர்க்கரை, ரத்த அளவு மூன்றும் பார்த்தால் 700-க்குள் முடியும். சர்க்கரையை மட்டும் விடக் கூடாது. ஏன் என்று பின்னால் வருகிறது. ஆக 2,700 மிச்சம்.

மயக்கத்தில் கை வைக்க முடியாது. ஊசி மயக்கம் மலிவு, ஆனாலும் மூச்சுக்குழாயில் டியூப் வேண்டும். ட்ரில்லிலிருந்து கொட்டும் தண்ணீரும் ரத்தமும் நுரையீரலுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். டியூபின் பலூனை அதிகமாக ஊதினால் பூனையின் மூச்சுக்குழாய் கிழியும். வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் கிளிப் போட்டால், அகலத் திறந்தபடியே நெடுநேரம் இருந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தம் நசுங்கி, எழும்போது பார்வை இல்லாமல் எழுந்த பூனைகள் உண்டு. ஊசி மூடியைத் துண்டாக நறுக்கி இரண்டு கோரைப்பல்லுக்கும் நடுவில் வைத்தால் போதும், செலவு பூஜ்யம். மயக்கமே இல்லாமல் அமுக்கிப் பிடித்துக் காரை சுரண்டுகிறவர்களும் இருக்கிறார்கள், விலை குறைவு. கண்ணுக்குத் தெரியும் பாகம் வெள்ளையாகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். வீட்டுக்காரருக்குத் திருப்தி, பூனைக்கு ஒன்றுமில்லை.

எக்ஸ்ரேயையும் விட முடியாது. மேல்தாடைப் பெரிய கன்னப் பல்லுக்கு மூன்று வேர். கீழ்ப் பற்கள் மூன்றுக்கும் இரண்டிரண்டு வேர். அதிலும் கடைசிப் பல்லின் பின்வேர் குச்சி மாதிரி மெலிசு, சட்டென்று ஒடியும். பல வேர்ப் பல்லை முழுசாக இழுக்கக் கூடாது. ஈறைத் திறந்து, ட்ரில்லால் வேருக்கொரு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் மெல்ல நெம்பி அசைத்து, எலும்பின் கூர்முனைகளைத் தேய்த்து, கரையும் நூலில் இழுவை இல்லாமல் தைக்க வேண்டும். வேரின் நுனி ஒன்று உள்ளே தங்கினாலும் அழற்சி அடங்காது. முடிந்தபின் எடுக்கும் எக்ஸ்ரேதான் அதைக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்ரே இல்லாமல் எடுத்து, ஆறு மாதம் கழித்து வேறு இடத்தில் மறுபடி திறக்கப்பட்ட வாய்களைப் பார்த்திருக்கிறேன்.

மீதி இருப்பது ஒரு வரி. 9,500. எங்கள் கூலி. தையல்காரம்மாவிடம் போய் நாம் முதலில் குறைத்துப் பேசுவதும் கூலியைத்தான். துணியும் நூலும் கடைக்காரர் சொன்ன விலை.

பாதிப் பாதியாகச் செய்ய முடியாதா? முடியும். ஒரு பக்கத்து ஏழு பல் முதலில், நான்கு வாரம் கழித்து மறுபக்கம். நீண்ட மயக்கம் தாங்காத பூனைகளுக்கு அப்படித்தான் செய்கிறோம். அப்புறம் ஏன் முடியாது என்றேன்? கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் தடவை 16,250, இரண்டாம் தடவை 12,850, மொத்தம் 29,100. மயக்கமும் மருந்தும் இரண்டு முறை. பிரித்தால் 6,600 கூடுதல். பணம் இல்லாததால் பிரிக்கக் கேட்கிறவரிடம் அதிகப் பணம் வாங்க வேண்டி வரும், அதனால்தான் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டல் கணக்கை அன்று நான் போடவே இல்லை என்பதுதான் உண்மை. அதிகமானாலும் பரவாயில்லை, இரண்டு தவணையாகப் புரட்டிவிடுவேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சீட்டு கட்டுகிற எவருக்கும் அது புரியாத கணக்கில்லை.

அவர் கையில் 6,000 இருந்தது. எப்படிக் குறைத்தாலும் 6,000-க்குள் முதல் பாதி வராது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அவர் கேட்டார்: “அப்ப போன தடவ போட்ட ஊசியவே போட்டுருங்க சார். அதுல நல்லா சாப்ட்டுச்சு.”

போட்டேன். 900 ரூபாய்.

நீண்ட நாள் நிற்கும் ஸ்டீராய்டு ஊசி. அது ஐந்தாவது. முதல் ஊசி பத்து வாரம் தாங்கியது, அடுத்தது ஏழு, அப்புறம் ஐந்து, நான்காவது மூன்று வாரம். எடை 3.8 கிலோவிலிருந்து 3.1-க்கு வந்திருந்தது. ஐந்து ஊசிக்கு 4,500 ரூபாய். பல்லுக்கு என்று எடுத்து வைத்திருந்தால் முதல் பாதியில் கால்வாசிக்கு மேல். இந்த ஊசி மறுபடி மறுபடி போனால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். மயக்கத்துக்கு முன் சர்க்கரை பார்க்கச் சொன்னது அதற்காக. இன்னொரு கதவும் மூடுகிறது: உடம்பில் ஸ்டீராய்டு இருக்கும்போது வலிக்கு மெலாக்ஸிகாம் கொடுக்கக் கூடாது, குடலில் புண் விழும். அடுத்த வாரமே அவர் பணத்தோடு வந்திருந்தால், பல் பிடுங்கிய வலிக்குக் கொடுக்கக்கூடிய நல்ல மருந்து ஒன்றை நானே ஒதுக்கி வைத்தவனாகியிருப்பேன்.

ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்திருக்கலாம். ப்ரெட்னிசலோன் 5 மி.கி. பாதி மாத்திரை, விலை ஒன்றுமில்லை, வேண்டாமென்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்; போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் வாயைத் தொட்டாலே பிறாண்டுகிற பூனைக்குத் தினமும் மாத்திரை திணிப்பது யார்? தையல் மெஷினில் பத்து மணி நேரம் உட்காருகிறவரா? பூனை பட்டினி கிடக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறி, பல் நோயைவிட வேகமாகக் கொன்றுவிடும். அன்று சாயங்காலம் அது சாப்பிட வேண்டும், அதற்கு ஊசி வேலை செய்யும். இதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் ஒலிக்கிறது. நான்காவது ஊசிக்கும் இதே நியாயம்தான் சொன்னோம்.

அவர் போகும்போது சொன்ன ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. வேண்டாததை எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்டேன். கிராம்புத் தைலம் ஒருநாள் தடவினாராம், நுரை தள்ளியதும் நிறுத்திவிட்டாராம். பாராசிட்டமால் கொடுக்கவில்லை. நல்ல வேளை. மனிதருக்கான 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கும். பல்வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி ஊட்டி, அப்படி வந்த பூனைகள் உண்டு.

பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று எல்லோரும் கேட்பார்கள், அவரும் கேட்டார். பூனை பெரும்பாலும் மெல்லாமல் விழுங்குகிற பிராணி. தையல் ஆற இரண்டு வாரம் மீனும் சோறும் குழைத்துக் கொடுத்தால் போதும், பிறகு சில பூனைகள் உலர்தீனியையே நொறுக்காமல் முழுங்கும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் சொன்னேன், கட்டணம் குறைவு என்று. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு தடவையில் முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் தையல் போகும். “பாத்துட்டு சொல்றேன் சார்” என்றார். எஸ்டிமேட் தாளை நான்காக மடித்து அளவு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஃபோன் செய்தபோது “பரவால்ல சார், சாப்டுது” என்றார். அதற்குப் பிறகு ஊசிக்கும் வரவில்லை. வேப்பேரிக்குப் போயிருக்கலாம்.

இப்போது எஸ்டிமேட்டை இரண்டு பத்தியாக எழுதுகிறோம்: முழுசாகச் செய்தால் இவ்வளவு, இரண்டு தடவையாகச் செய்தால் இவ்வளவு, எதை விடலாம், எதை விடக் கூடாது. ஒரு பல்லுக்கு எவ்வளவு என்பதையும் ஓரத்தில் எழுதுகிறேன். 9,500-ஐ 14-ஆல் வகுத்தால் 680 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதுதான் சரியான முறை என்று நினைத்தேன்.

இரண்டாம் பத்தியை முதலில் தேர்ந்தெடுத்தவர் ஒரு டெலிவரி பையன். இடப்பக்கம் ஏழும் எடுத்தாயிற்று. மூன்றாவது வாரம் காட்ட வந்தபோது இடப்பக்கம் வெளிறிய ரோஜா நிறத்தில் ஆறியிருந்தது. வலப்பக்க மடிப்பு அதே மாதுளை. பூனை இடப்பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டது. எடை 300 கிராம் கூடியிருந்தது.

“நல்லா சாப்டுது சார், இப்பத்திக்கு இது போதும்ல?”

போதாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். தலையாட்டினான். கோப்பில் இரண்டாம் தடவைக்குத் தேதி போடும் கட்டம் இருக்கிறது, ஐந்து மாதமாகக் காலியாக.