வியர்வையில் நனைந்த புல்லட் புரூஃப்

துணி சோதிக்கும் லேபில் வேலை பார்ப்பவன் நான். போலீஸ்காரர்களின் பாதுகாப்பு பற்றி எதைப் படித்தாலும் கண் முதலில் போவது புல்லட் புரூஃப் அங்கிக்குத்தான். என்ன இருந்தாலும் அது துணி.

1965-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக், பின்னால் இந்த அங்கிக்கு உதவிய கெவ்லார் இழைக்கு வழி திறந்தபோது யோசனையில் இருந்தது கார் டயர். 1970களில் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த லெஸ்டர் ஷூபின் அதைப் போலீஸ் பக்கம் திருப்பினார். ஆடுகளுக்குக் கட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். பாவம்தான். 1975-இல் 15 நகரங்களில் 5,000 அங்கிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்கள் விட்டுக்கொடுத்த இடம். ரைஃபிள் குண்டையும் தடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. அன்று தெருவில் புழங்கிய .38, .22 கைத்துப்பாக்கிகளைத் தாங்கினால் போதும், ஆனால் சட்டைக்குள் போட்டு ஷிப்ட் முழுக்க நடமாட முடிய வேண்டும். கனமான அங்கி கார் டிக்கியில்தான் கிடக்கும்.

லேசான அங்கி வேண்டும் என்ற அந்த ஆசையே பின்னால் வினையானது. கெவ்லாரை விட மெலிசாக ஸைலான் இழை வந்தது. 2003-இல் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு காவலரின் ஸைலான் அங்கியைக் குண்டு துளைத்தது, அதுவும் அந்த அங்கி தடுத்திருக்க வேண்டிய குண்டு. அப்புறம் காவலர்கள் அணிந்து பழகிய 103 ஸைலான் அங்கிகளைச் சுட்டுப் பார்த்தால், 60 அங்கிகளில் ஒரு குண்டாவது உள்ளே போயிருந்தது. ஈரமும் வெளிச்சமும் அந்த இழையை அரிக்கின்றன. 2005 ஆகஸ்டில் ஸைலானுக்கு அங்கீகாரம் போயிற்று.

புதுத் துணியைச் சோதிப்பது பெரிய வித்தையில்லை. எங்களுக்கும் தேய்த்து மடித்த சாம்பிள்தான் வரும். நாற்பது துவைப்புக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்கிற பார்ட்டி குறைவு. 2008-இல் அங்கிகளுக்கு வந்த அமெரிக்கத் தரநிலை அதைக் கேட்டது. 65 டிகிரி சூடு, 80 சதவீத ஈரப்பதம், டிரம்மில் 10 நாள், சுமார் 72,000 சுற்று. இப்படி நைந்துபோன அங்கியையும், உடம்புக்குப் பதிலாகக் களிமண் மீது கட்டிச் சுடுகிறார்கள். களிமண்ணில் விழும் பள்ளம் 44 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. 2011 முதல், சீருடைக் காவலர் கட்டாயம் அணிய வேண்டும் என்று எழுத்தில் விதி வைத்திருக்கும் துறைக்குத்தான் அங்கி வாங்க அமெரிக்க மத்திய அரசின் மானியம்.