கருமருதுக் கிளையில் ஒரு காம்புக் கூடு

டஸ்ஸர் பட்டுப்பூச்சியைப் பார்த்தவர்கள் எல்லோரும் இறக்கையைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அதன் கூட்டுக்கு இருக்கும் காம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

மும்பையில், முலுண்டில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மலை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் கிழக்கு ஓரம் அது. அந்தச் சரிவில் ஐன் மரங்கள் உண்டு, நம் ஊரில் கருமருது என்போம். பட்டை முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். இலையைத் திருப்பினால் காம்பு சேரும் இடத்தில், நடுநரம்பை ஒட்டிச் சின்னச் சுரப்பிகள் துருத்திக்கொண்டிருக்கும். இந்த மரமும் நீர்மருதும்தான் டஸ்ஸர் புழுவுக்கு முக்கியத் தீனி. இலந்தை, பூமருது கிடைத்தாலும் விடாது.

சிக்கல் என்னவென்றால், மாசி, பங்குனியில் கருமருது மொட்டையாகிவிடும். இலையை நம்பிக் கட்டிய கூடு இலையோடு சேர்ந்து விழும். கீழே எலி, எறும்பு, போதாததற்குக் கோடைத் தீ. அடுத்த மழைவரை கூட்டுக்குள் உறங்க வேண்டிய உயிர் என்ன செய்யும்? புழு முதலில் இரண்டு மூன்று இலைகளை இழுத்து ஒட்டித் தொட்டில் கட்டுகிறது. அப்புறம் சுள்ளிக்குப் போய், அதைச் சுற்றி நூலால் ஒரு வளையம் போடுகிறது. அந்த வளையத்திலிருந்து கெட்டியான காம்பு ஒன்றை இறக்கிக்கொண்டு வருகிறது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் தன்னைச் சுற்றிக் கூடு. இலை போனாலும் கூடு சுள்ளியிலேயே தொங்கும்.

காற்றில் முறிந்து வேலிக்கு வெளியே விழுந்திருந்த ஒரு கிளையில் பழைய கூடு ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். நகத்தால் அழுத்தினால் பள்ளம்கூட விழவில்லை. கட்டி முடிக்கும்போது புழு உள்ளிருந்து ஒரு திரவத்தை விடும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் உப்பு நூலோடு காய்ந்து இறுகிவிடுகிறது. வளையத்தைச் சுள்ளியிலிருந்து உருவ முடியவில்லை. பழுப்பு நிறத்தில், தோல் வார் போல அவ்வளவு இறுக்கம். காம்பு தொடங்கும் முனையில் மட்டும் நூல் பிரிந்து ஓட்டை. பூச்சி வெளியேறிய வழி அது. பல்லில்லாத பூச்சி இந்தக் கோட்டையிலிருந்து எப்படித் தப்பிக்கிறது? கூட்டை இளக்கும் நொதி ஒன்றை வாயருகிலிருந்து கசியவிட்டு, நூல்களை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கிறது. நூலை அறுப்பதில்லை, விலக்கிக்கொண்டு வருகிறது.

ஜூனில் மழை பிடித்ததும் பூச்சிகள் வெளிவரும். பெண் பெரியது, மஞ்சள் அல்லது சாம்பல் நிறம். ஆண் சிறியது, செம்பழுப்பு. ஒவ்வொரு இறக்கையிலும் கண்ணாடி ஜன்னல் போல ஒரு வட்டம். அதன் வழியே பின்னால் இருக்கும் சுவரே தெரியும். இறக்கையை விரித்தால் 15 சென்டிமீட்டர் இருக்கும். ஆணின் உணர்கொம்புகள் சீப்பு மாதிரி அகன்றவை, இருட்டில் பெண்ணின் வாசனையைப் பிடிக்க. சாப்பிட வாய் கிடையாது. புழுவாகத் தின்று சேர்த்ததை வைத்து ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டாக வேண்டும்.

போன மழையில் எங்கள் மாடிப்படி விளக்கடியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. மூன்றாம் மாடி மாமி நின்று பார்த்துவிட்டு, "இதிலேர்ந்தா என் டஸ்ஸர் புடவை வந்தது?" என்றார். "இது இல்லை மாமி, இதன் கூட்டிலிருந்து" என்றேன். "கூட்டை எடுத்துண்டா பூச்சி என்னாகும்?" என்று கேட்டார். நூலைச் சிக்கில்லாமல் ஒரே இழையாக எடுக்கப் பூச்சி வெளிவருவதற்கு முன்பே கூட்டைச் சூடுபடுத்தி உள்ளே இருப்பதைக் கொன்றுவிடுவார்கள் என்று சொன்னதும் மாமி முகம் சுருங்கிவிட்டது. ஓட்டை விழுந்த கூட்டிலிருந்தும் நூற்கலாம், நூல் முரடாக இருக்கும் என்பதையும் சொன்னேன். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

இதே மாநிலத்தில், கட்சிரோலி, பண்டாரா பக்கம், இது பிழைப்பு. புழுக்களைத் திறந்த வெளியில் கருமருதிலும் நீர்மருதிலும் ஏற்றிவிட்டு, பறவை கொத்தாமல் காவல் காக்கிறார்கள். பறவையை விரட்டலாம், ஊசி ஈயை என்ன செய்வது? புழுவின் மேலேயே முட்டையிட்டுவிட்டுப் போகும், அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்னும். தப்பித்த புழு ஐந்து பருவம் கடந்து, பக்கவாட்டில் வெள்ளிப் பொட்டு மின்னும் தடித்த பச்சைப் புழுவாகி, ஒரு மாதத்துக்கு மேல் தின்றுதான் கூடு கட்டப் போகும். அறுத்தெடுத்த காம்பைக்கூட வீணாக்குவதில்லை. அதிலிருந்து நூற்கும் முரட்டு நூலுக்குப் பல்கல் என்று தனிப் பெயரே உண்டு.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மழைக்காலத்தில் அலைய வேண்டாம், இலைக்குள் எதுவும் தெரியாது. மார்ச், ஏப்ரலில் காலை வெயில் ஏறுவதற்குள் போங்கள். மொட்டைக் கருமருதின் நுனிக் கிளைகளை வானத்தை வைத்துப் பாருங்கள். காயென்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். கருமருதின் காய்க்கு இறக்கை மாதிரி விளிம்புகள் இருக்கும், கூடு வழவழப்பாக இருக்கும். பூங்காவுக்குள் பறிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். பைனாகுலர் இருந்தால் காம்பும் வளையமும் கீழிருந்தே நன்றாகத் தெரியும்.