சட்டப் படிப்பும் புரோ ஹொக்கியும்: கென் ட்ரைடனின் கால அட்டவணை

மொன்றியல் கனேடியன்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளர் கென் ட்ரைடன் (1947–2025), வட அமெரிக்க புரோ ஹொக்கியின் உச்சக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை ஆறு முறை வென்றவர். விளையாடிக்கொண்டே சட்டப் பட்டமும் எடுத்தார். “இரண்டையும் ஒன்றாகச் செய்தார்” என்று, படிப்பையும் ஹொக்கியையும் சேர்த்து நடத்த நினைக்கும் பிள்ளைக்குச் சொல்வதில் பயனில்லை. எதைச் சேர்த்துச் செய்தார், எதற்காக ஹொக்கியையே நிறுத்தினார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1964 ட்ராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களின் உரிமையை முறைவைத்துத் தெரிவுசெய்யும் நிகழ்வில், பொஸ்டன் அணி அவரை எடுத்தது. சில நாட்களிலேயே உரிமை மொன்றியலுக்குக் கைமாறியது. அவரோ அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய், 1969இல் பட்டம் பெற்றார். இந்த வழி இன்றைக்கும் பொருந்தும். புரோவுக்குப் போகும் மற்ற வழியான, பதின்ம வயதினருக்கான ஒன்ராறியோ மேஜர் ஜூனியர் லீக்கில் பருவத்துக்கு 68 ஆட்டங்கள். கோர்னெல் போன்ற ஐவி லீக் (அமெரிக்காவின் எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் குழு) அணிக்கு வழக்கமான ஆட்டங்கள் 30க்குள், பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில். வாரநாட்கள் வகுப்புக்கு மிஞ்சும். ஆனால் ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

பலர் சறுக்குவது இங்கேதான். அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் முதல் பிரிவுக்கு உயர்பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் 4க்கு 2.3 சராசரி வேண்டும். அதில் 10 பாடங்களை 12ஆம் வகுப்பு தொடங்குமுன் முடிக்க வேண்டும். பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானத்தில் இருக்க வேண்டும். அந்தப் புள்ளிகள் அத்தோடு பூட்டப்பட்டுவிடும். 12இல் திரும்ப எடுத்து உயர்த்த முடியாது. ஆகவே 9ஆம் வகுப்பிலேயே பாடத் தெரிவைச் சரிபாருங்கள். பயிற்றுநர் சொல்லும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அவர்களுக்கு இது ஞாபகம் வருவதே 11இன் கடைசியில்தான்.

ட்ரைடன் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் படித்தபடியே 1970–71இல் மொன்றியலின் துணை அணிக்கு ஆடினார். மார்ச்சில் மேலே அழைத்தார்கள். ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வெற்றி. அந்த வசந்தத்தில் கிண்ணமும், பிளேஓஃப்பின் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் ஆட்டங்களின்) சிறந்த வீரர் விருதான கொன் ஸ்மைத்தும் வந்தன. 1973இல் பட்டம். பீடமும் அரங்கமும் ஒரே ஊரில், சுமார் இரண்டு கிலோமீற்றர் இடைவெளியில் இருந்தது பெரிய அனுகூலம். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் விரிவுரை தவறும். ஆனால் விரிவுரையைக் குறிப்பு வாங்கி ஈடுகட்டலாம்.

பரீட்சை அப்படியல்ல. 1971 பிளேஓஃப் ஏப்ரலில் தொடங்கி மே 18 வரை போனது. குளிர்காலத் தவணைப் பரீட்சை வருவதும் ஏப்ரலில்தான். இந்த நிலையில் உள்ளவர்கள் எழுத்துப் பரீட்சைப் பாடங்களை டிசம்பரில் முடியும் தவணையில் குவித்து, ஜனவரிக்குப் பிறகு கட்டுரையால் மதிப்பிடும் பாடங்களை எடுப்பது நல்லது. பரீட்சையைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் ஜனவரியிலேயே, ஆட்ட அட்டவணையை இணைத்து, பீட அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

சட்டத்தொழில் பயிற்சியை மட்டும் எதனோடும் சேர்க்க முடியாது. அது தினமும் அலுவலகத்தில் இருந்து செய்யும் முழுநேர வேலை. அதனால் 1973–74 முழுவதையும் விட்டுவிட்டு, ரொறன்ரோ சட்ட நிறுவனமொன்றில் வாரம் 134 டொலருக்குப் பயிற்சி செய்தார். சம்பளத் தகராறும் அதற்கு ஒரு காரணம். கழகம் பணியாதபோது போக வேறு இடம் இருந்தது அவருக்கு. அவர் இல்லாத பருவத்தில் அணி வாங்கிய கோல்கள் 184இலிருந்து 240 ஆயின. அதைவிட உறுதியான பேரம் பேசும் பலம் ஒரு கோல் காப்பாளருக்குக் கிடைக்காது.

விலை இல்லாமலும் இல்லை. திரும்பிய 1974–75இல் ஆட்டத்துக்கு 2.69 கோல் விட்டார். அவர் விளையாடிய பருவங்களில் அதுவே மோசம். கோல் காப்பாளரின் கோணக் கணிப்பும் நேரக் கணிப்பும் ஆட்டத்தில்தான் திரும்பி வரும். அடுத்த பருவத்தில் 2.03க்கு இறங்கியது, கிண்ணமும் வந்தது. ஒரு வருடம் விடுகிறவர் திரும்பும் வருடத்தையும் சேர்த்து இரண்டாகக் கணக்கிட வேண்டும். ஒப்பந்தம் பேசும்போது போனஸை அந்த முதல் வருட எண்ணிக்கையில் கட்டவிடாதீர்கள்.