கமலாபுரத்தில் இறங்கினேன்

நேற்று முதல்முறையாகத் துணை விமானியாகச் சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் இறங்கினேன். ஏடிஆர் 72, இறக்கைக்கு ஒன்றாக விசிறி சுற்றும் சின்ன விமானம். ஒருபுறம் சேர்வராயன் மலை, மறுபுறம் மேட்டூர்த் தண்ணீர்.

விமானி வேலைக்கு எப்படிச் சேர்வது என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் வேண்டும். அப்புறம் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகள், கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை, 200 மணி நேரப் பறப்பு. இதையெல்லாம் முடித்துவிடலாம், பணம்தான் மலை. அப்பச்சி மஞ்சள் காட்டையே விற்றார். லைசென்ஸ் வாங்கியும் வேலை இல்லாமல் இரண்டு வருடம் தாரமங்கலத்து வீட்டில் இருந்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மழையே வருசம் தப்பித்தான் பேயுது அம்மிணி, உனக்கும் வரும்" என்பார்.

நேற்று ஓடுபாதையிலிருந்து திரும்பும்போது வேலிக்கு வெளியே பார்த்தேன். வெள்ளை வேட்டியும் உயர்த்திய ஒரு கையும் தெரிந்தன.