மூன்று பேர் ஜாமீன் என்றால் மூன்றில் ஒரு பங்கு இல்லை

சித்தப்பா மகன் பள்ளிபாளையத்தில் விசைத்தறி போட 9 லட்சம் வங்கிக் கடன் வாங்கினான். மூன்று பேர் ஜாமீன்: அரசுப் பள்ளி ஆசிரியையான நான், எங்கள் மாமா, பக்கத்தில் சைசிங் (பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பட்டறை) வைத்திருந்த ஒருவர். நூல் விலை ஏறி, கூலி ஓட்டம் நின்று, தவணையும் நின்றது. கணக்கு வாராக்கடனாகி, 6,30,000 கேட்டு நான்கு பேருக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

மாமா உட்பட எல்லோரும் அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: "மூணா வகுத்தா ஆளுக்கு 2,10,000. அதைக் கட்டிட்டு வெளிய வந்துடலாம்." அது நடக்காது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு. முழுத் தொகையையும் ஒரே ஆளிடம் கேட்கலாம். முதலில் கடன் வாங்கியவனைப் பிடிங்கள் என்று சொல்லவும் வழியில்லை; பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எப்போதோ தீர்த்துவிட்டது. ஆகவே யாரிடம் வசூலாகுமோ அங்கேதான் வருவார்கள். சம்பளக்காரி நான். தீர்ப்பாகி நிறைவேற்று மனு போட்டால், மாதச் சம்பளத்தில் 1,000 ரூபாய் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரை ஜப்தி செய்யலாம்.

20 லட்சத்துக்குக் கீழே என்பதால் கடன் வசூல் தீர்ப்பாயம் இல்லை, திருச்செங்கோட்டில் சிவில் வழக்கு. வக்கீல் முதலில் மூன்று நகல் கேட்டு வங்கிக்கு எழுதச் சொன்னார்: கடன் அனுமதிக் கடிதம், நாங்கள் கையெழுத்துப் போட்ட ஜாமீன் பத்திரம், முழு கணக்கு விவரம். ஜாமீன் கொடுத்தவர் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில்தான் தறிகள் ஈடாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தோம். ஷெட்டில் அப்போதும் நான்கு தறி நின்றது. வங்கி அதைப் பற்றிப் பேசவே இல்லை.

லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், 4,80,000க்குப் பேசி முடித்தோம். அங்கே பதிவாவது சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வாசகத்தை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வரி சேர்க்கச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன். பணம் ஜாமீன்தாரராகிய நான் கட்டுகிறேன் என்பது ஒன்று. வங்கிக்குத் தறிகள் மேல் இருந்த உரிமை எனக்கு வருகிறது என்பது இன்னொன்று. சட்டத்தின் 140, 141 பிரிவுகளே அந்த உரிமையைத் தருகின்றன. ஆனாலும் எழுத்தில் இருந்தால்தான் ஷெட் வாசலில் செல்லுபடியாகும். பி.எஃப். முன்பணமும் நகைக்கடனும் சேர்த்துக் கட்டி, என் பெயரில் ரசீது வாங்கினேன்.

தறிகளை வாங்கி ஓட்ட ஆள் இல்லை. ஈரோட்டிலிருந்து வந்த வியாபாரி கட்டர் வைத்து வெட்டி, பழைய இரும்பாக எடை போட்டு எடுத்துப் போனார். 1,05,000 வந்தது. பார்க்கவே மனசு ஒப்பவில்லை, தம்பி ஷெட்டுக்கே வரவில்லை. மீதி 3,75,000, பங்கு பிரிப்பது இங்கேதான் வருகிறது, ஆளுக்கு 1,25,000. மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு எங்கள் மூன்று பேருக்குள் மட்டும்தான், வங்கிக்கு அதனோடு சம்பந்தமில்லை.

மாமா தம் பங்கை உடனே கொடுத்துவிட்டார். சைசிங்காரர், "ஏனுங்க டீச்சர், பேங்க்காரங்க உங்ககிட்டத்தானுங்க வாங்குனாங்க, எங்கிட்ட யாரும் கேக்கலையேங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். 146ஆவது பிரிவைச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம்: வேறு உடன்பாடு இல்லாவிட்டால் உடன் ஜாமீன்தாரர்கள் சமமாகப் பங்கு தர வேண்டும். என் பங்குக்கு மேல் நான் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், உறவு, பழக்கம் என்று ஆறப்போட்டால் உரிமையே போய்விடும். அவர் தம் வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்து, தவணையாகத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கொடுத்தும் முடித்துவிட்டார்.

கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இந்தக் கடன் 'செட்டில்டு' என்று நிற்கிறது. குறைத்துப் பேசி முடித்தால் அப்படித்தான் வரும், ஜாமீன்தாரர் அறிக்கையிலும் தெரியும். வீட்டுக்கடன் போடும் எண்ணம் இருப்பவர்கள் பேரம் பேசும் முன்பே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தம்பி இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நாங்கள் கட்டியதைத் திருப்பித் தரும் பொறுப்பு 145ஆவது பிரிவுப்படி அவனுக்கு உண்டு. அதற்கும் மூன்று வருடக் கெடு இருப்பதால், கடனை ஒப்புக்கொண்டு எழுதி வாங்கியிருக்கிறோம். மாதம் 6,000 அனுப்புகிறான். வந்த அன்றைக்கே ஆளுக்கு 2,000 பிரித்து அனுப்பிவிடுகிறேன்.