சான் பிரான்சிஸ்கோவில் அம்மாவோடு

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். விடுமுறை வீடுகளில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை முன்பே விலைக்கு வாங்கி வைப்பதுதான் டைம்ஷேர்; அதில் சேர்த்து வைத்திருந்த பாயின்ட்டை எல்லாம் போட்டு யூனியன் ஸ்கொயர் பக்கத்தில் ஆறு நாள் எடுத்தோம். ஹோட்டல் அறையில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: அடுப்படி. முதல் நாளே அம்மா ரசம் வைத்துவிட்டார். தாளிக்கும்போது புகை அலாரம் அடித்துவிடக் கூடாதே என்று ஜன்னலைத் திறந்தேன். குளிர்காற்று சில்லென்று உள்ளே வந்தது. ஆகஸ்ட் மாதம், எல்லோரும் ஸ்வெட்டரில்!

கேபிள் கார் மியூசியத்துக்கு அவசியம் போங்கள், டிக்கெட் கிடையாது. 1873இல் தொடங்கிய வண்டி. தெருவுக்கு அடியில் இரும்பு வடம் மணிக்கு 9.5 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரர் லீவரை இழுத்து அதைக் கவ்விப் பிடித்தால் வண்டி மேடேறும். அந்த வடத்தைச் சுற்றும் ராட்சதச் சக்கரங்களை அம்மா கம்பியைப் பிடித்தபடி அரை மணி நேரம் பார்த்தார். “நம்ம கிணத்து ராட்டினம்தாண்டா இது” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒரு விஷயம். போன முறை வேறொரு ஊரில், பரிசு தருகிறோம் என்று டைம்ஷேர் விற்பனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். 90 நிமிடம் என்று சொல்லி மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள், குழந்தை அழுதே விட்டாள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள், போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தை முதலில் கேளுங்கள்.

சரி, மாவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாளைக் காலை தோசை சாப்பிட்டுவிட்டு கோல்டன் கேட் பாலத்தில் நடக்கப் போகிறோம்.