அரை டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு செல்லும் பேருந்தில் மகனுக்கு அரை டிக்கெட் கேட்டேன். "அப்பா, எனக்குப் போன மாசமே 12 முடிஞ்சிடுச்சே" என்று அவன் உரக்கச் சொன்னதும், நடத்துநர் ஒன்றும் பேசாமல் முழு டிக்கெட்டை என் கையில் வைத்தார். என் மனைவியோ சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சை மாற்றுவதற்காக, சாலையோரம் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைக் காட்டி, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் இந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது என்றும், என் தாத்தா அதை மூன்று முறை பார்த்ததாகச் சொல்வார் என்றும் (இது பொய்யில்லை) விளக்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை. மேலே இறங்கித் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தபோதுதான், "அப்போ நீங்க 41வது ஆளாப்பா?" என்று கேட்டான், எனக்குக் காரச் சட்னி புரையேறிவிட்டது.